மரத்தில் ஷேவிங் பிரஷ் கைப்பிடி கடைவது எப்படி: குழியிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

நான் கடைந்த முதல் ஷேவிங் பிரஷ் கைப்பிடி பார்வைக்கு நன்றாகவே இருந்தது. வைரம் பாய்ந்த ஈட்டித் துண்டு, இடுப்பில் விரல் பதியும் வளைவு, முகம் தெரியும் அளவுக்கு மெருகு. ஐந்தாம் மாதம் ஒரு காலையில், முடிக்கற்றை உட்கார்ந்திருக்கும் விளிம்பில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. இரண்டு வாரத்தில் அந்தக் கோடு கைப்பிடியின் பாதி வரை இறங்கிவிட்டது. கற்றையைப் பிடுங்கி உள்ளே பார்த்தபோது குழியின் அடி கறுத்து, ஊறிப்போய், நகம் பட்டாலே பள்ளம் விழும் நிலையில் இருந்தது. வெளிப்பக்கம் எட்டுப் பூச்சு கொடுத்திருந்தேன். குழிக்குள் ஒரு பூச்சுகூடக் கொடுக்கவில்லை.

காரணம் எளிது. கைப்பிடியில் மர ரேகை மேலிருந்து கீழாக ஓடுகிறது. அப்படியானால் குழியின் அடியும் கைப்பிடியின் அடிப்பாகமும் நாரின் வெட்டுமுகங்கள். மரம் உயிரோடு இருந்தபோது நீரை மேலே ஏற்றிய நுண்குழாய்களின் வாய்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன. பக்கவாட்டில் நீர் நுழைவதைவிட அங்கே பல மடங்கு வேகமாக நுழையும். தினமும் வெந்நீரிலும் சோப்பிலும் நனையும் ஒரு பொருளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் இந்த வழிகாட்டி குழியில் தொடங்குகிறது. வடிவமும் மெருகும் அதற்குப் பிறகுதான்.

முடிக்கற்றை கைக்கு வந்த பிறகே மரத்தைத் தொடுங்கள்

பிரஷ்ஷின் முடிப்பகுதியை நாட் என்பார்கள். முடியைக் கட்டி, அடியைப் பசையில் இறுக்கி, தயாராகவே விற்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் குழி போடாதீர்கள். 24 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும் கற்றையின் பசை அடி வெர்னியர் அளவுகோலில் 23.5-ம் காட்டும், 24.4-ம் காட்டும். சிலவற்றில் அது முழு வட்டமாகவே இருக்காது. மூன்று இடங்களில் அளந்து, பெரிய அளவை எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டிய அளவுகள் மூன்று: பசை அடியின் விட்டம், அதன் உயரம், கற்றையின் மொத்த உயரம். இவற்றோடு நீங்கள் முடிவு செய்யவேண்டிய அளவு ஒன்று உண்டு. கைப்பிடியின் விளிம்புக்கு மேலே முடி எவ்வளவு நிற்கவேண்டும் என்பது அது. அதற்கு லாஃப்ட் என்று பெயர். மொத்த உயரத்திலிருந்து லாஃப்டைக் கழித்தால் குழியின் ஆழம் கிடைக்கும். உதாரணமாக, மொத்த உயரம் 64 மில்லிமீட்டர், எனக்கு வேண்டிய லாஃப்ட் 51 என்றால், குழி 13 மில்லிமீட்டர். பசை அடி 10 மில்லிமீட்டர் உயரம் என்றால் முடியின் முதல் 3 மில்லிமீட்டர் குழிக்குள் மறைந்து, சுவரால் நெருக்கப்பட்டு நிற்கும். அதனால் பிரஷ் விறைப்பாக இருக்கும். குழியை ஆழம் குறைத்துப் போட்டால் முடி தளர்ந்து, முகத்தில் அதிகம் பரவும். பிரஷ்ஷின் குணத்தில் பாதியை இந்தச் சில மில்லிமீட்டர்கள்தான் தீர்மானிக்கின்றன. கைப்பிடியை நீங்களே கடைவதில் கிடைக்கும் பெரிய சலுகையும் அதுதான்.

முடி வகையில் முதல் பிரஷ்ஷுக்குச் செயற்கை இழையையே சொல்வேன். சீக்கிரம் காயும், ஊறவைக்க வேண்டாம், முடி உதிராது. பன்றி முடி பழகப் பழகத்தான் நுனி பிளந்து மென்மையாகும். பேட்ஜர் என்ற விலங்கின் முடி நீரை நன்றாகப் பிடித்துவைக்கும். அதாவது மரத்துக்குப் பக்கத்தில் ஈரம் அதிக நேரம் தங்கும். பழைய பிரஷ்களின் முடியை மட்டும் எடுத்து மறுபடி பயன்படுத்த வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமி நீக்கப்படாத குதிரை முடி பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் நோய் தொற்றியது பதிவான செய்தி. மூலம் தெரியாத பழைய முடியை ஆசைப்பட்டுக் காப்பாற்றுவதில் பொருளில்லை. பழைய கைப்பிடியின் வடிவம் பிடித்திருந்தால் அதைப் பார்த்துப் புதிதாகக் கடைந்துகொள்ளலாம்.

எந்த மரம்

கெட்டியான, நெருக்கமான ரேகையுள்ள, நன்றாக உலர்ந்த மரம் வேண்டும். கருங்காலி, ஈட்டி, ஆலிவ், மேப்பிள், வால்நட் எல்லாம் நன்றாகக் கடைபடும். ஓக், ஆஷ் போல வெறும் கண்ணுக்கே துளைகள் தெரியும் மரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்தத் துளைகளை மூடுவதற்குள் பொறுமை போய்விடும். வெளிறிய வெள்ளைப் பகுதியும் வைரமும் சேர்ந்த துண்டு அழகாக இருக்கும். ஆனால் வெள்ளை மென்மையானது, நீரை அதிகம் குடிப்பது. 

தேக்கைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நீரைத் தாங்கும் மரம் என்பதால் பலரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். அதிலுள்ள சிலிகா உளியின் கூரை வேகமாகத் தின்னும், அதன் இயற்கை எண்ணெய் பசை பிடிப்பதைக் கெடுக்கும். கடையலாம், ஆனால் நடுநடுவே சாணை பிடிக்கவும், ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்கவும் தயாராக இருங்கள்.

ஈட்டி, கோகோபோலோ போன்றவை டால்பெர்ஜியா பேரினத்தைச் சேர்ந்தவை. 2017 ஜனவரி 2 முதல் அந்தப் பேரினம் முழுவதும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தை எல்லை தாண்டி வாங்கவோ அனுப்பவோ நினைத்தால் விதிகளைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இந்த மரங்களின் தூள் பலருக்கு ஒவ்வாமையும் உண்டாக்கும்.

ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கட்டையைக் கடைந்தால், அது உங்கள் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) வட்டமாக இருந்து குளியலறையில் முட்டை வடிவமாகிவிடும். ஈரமானி இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். கட்டையை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். அடுத்தடுத்த மூன்று வாரம் எடை மாறாவிட்டால் அந்த இடத்தின் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

லேத்தும் உளிகளும்

இந்த வேலைக்குச் சிறிய மேசை லேத்தே தாராளம். கைப்பிடியின் உயரம் 60 மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். கட்டாயம் வேண்டியவை: கட்டையைக் கவ்வும் நான்கு தாடை சக், லேத்தின் எதிர்முனைத் தாங்கியான டெயில்ஸ்டாக்கில் மாட்டும் சுழலும் சென்டர் (கட்டையின் மையத்தில் ஊன்றித் தாங்கும் முனை), அதே டெயில்ஸ்டாக்கில் பொருந்தும் டிரில் சக், கற்றைக்கு ஏற்ற ஃபோர்ஸ்ட்னர் பிட் (தட்டையான அடியுள்ள குழி போடும் துளைமுனை). உளிகளில் கட்டையை உருட்டுவதற்கு ரஃபிங் கவுஜ், வளைவுகளுக்கு ஸ்பிண்டில் கவுஜ், துண்டிக்க பார்ட்டிங் டூல் என்று மூன்று போதும். சாய்ந்த விளிம்புள்ள ஸ்கியூ உளி கைவந்தால் உப்புத்தாள் வேலை பாதியாகும். ஆனால் அது கைவர மாதங்கள் பிடிக்கும். கார்பைடு முனை உளிகளை வைத்தும் நல்ல கைப்பிடி செய்யலாம். அவை மரத்தைச் சுரண்டுபவை என்பதால் உப்புத்தாள் வேலை கூடும், அவ்வளவுதான்.

உளி கூராக இருக்கிறதா என்று பார்க்க, மென்மரத் துண்டு ஒன்றின் வெட்டுமுகத்தைக் கையாலேயே சீவிப் பாருங்கள். நார் நசுங்காமல் பளபளவென்று வெட்டுப்பட்டால் லேத்துக்குப் போகலாம். மங்கிய உளியைத்தான் நாம் அழுத்துவோம். அழுத்திய உளிதான் மரத்தில் கடித்து இழுத்துக்கொள்ளும்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை. முழு முகக் கவசம் போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். கையுறை கூடாது. மோதிரம், வாட்ச், தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த தலைமுடி எதுவும் கூடாது. சக் சாவியை எடுத்துவிட்டோமா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கட்டையைக் கையால் ஒரு சுற்று சுற்றி, எதிலும் இடிக்கவில்லை என்று உறுதி செய்தபின் இயக்குங்கள். இயக்கும் நொடியில் கட்டைக்கு நேர் எதிரே நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். தூசிக்குச் சுவாசக் கவசம் அவசியம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி, 1995-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சீவல் பறக்கும்போது ஆபத்து குறைவு. உப்புத்தாள் போடும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத தூள்தான் நுரையீரல் வரை போகிறது.

கட்டையை உருட்டுவது

45 மில்லிமீட்டர் சதுரம், 90 மில்லிமீட்டர் நீளம் உள்ள கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி 58 மில்லிமீட்டர்தான் என்றாலும் சக் கவ்வவும் துண்டிக்கவும் மீதி வேண்டும். இரு முனைகளிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு மையம் குறித்து, இரண்டு சென்டர்களுக்கு நடுவே பொருத்துங்கள். உளியை ஊன்றும் டூல் ரெஸ்ட் மரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் அளவு விலகி, மையத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். வேகம் நிமிடத்துக்கு 800 முதல் 1000 சுற்று.

இங்கே ஒரு பழக்கத்தை விதைத்துக்கொள்ளுங்கள். உளியை முதலில் டூல் ரெஸ்டில் ஊன்றுங்கள். அடுத்து உளியின் சாணை பிடித்த சரிவான முகத்தைச் சுழலும் மரத்தின் மேல் வெட்டாமல் தேயவிடுங்கள். தட்தட் என்று ஒரு தட்டல் மட்டும் கேட்கும். இப்போது பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். ஒரு புள்ளியில் அந்தத் தட்டல் சீறலாக மாறி, முதல் சீவல் எழும். அந்தப் புள்ளியிலேயே கையை நிறுத்தி, உடம்பை மட்டும் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கை வெட்டவேண்டியதில்லை, கால்கள்தான் வெட்டுகின்றன. மூலைகள் மறைந்து கட்டை உருண்டையாகும்போது தட்டல் சத்தம் முழுதாக அடங்கிவிடும். லேத்தை நிறுத்திப் பார்க்காமலே காதால் அது தெரிந்துவிடும்.

உருண்டை ஆனதும் ஒரு முனையில் சக் கவ்வுவதற்கான கழுந்து வெட்டுங்கள். அதன் விட்டம், சக் தாடைகள் ஏறக்குறைய மூடிய நிலையில் இருக்கும் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் பிடி நன்றாக இருக்கும். நீளம் 8 மில்லிமீட்டர் போதும். கழுந்தின் முனை சக்கின் அடியைத் தொடக்கூடாது. கழுந்தின் தோள் தாடைகளின் மேல் முகத்தில் சமமாக உட்காரவேண்டும். கட்டை ஆடாமல் ஓடுவது அந்தத் தோளை நம்பித்தான் இருக்கிறது. எந்த முனையில் கழுந்து வெட்டுகிறீர்களோ அதுவே கைப்பிடியின் அடிப்பக்கம்.

குழி

கட்டையைச் சக்கில் மாட்டி, திறந்த முகத்தைச் சமமாக வெட்டி, மையத்தில் உளி முனையால் சிறு பள்ளம் குறியுங்கள். டெயில்ஸ்டாக்கில் டிரில் சக், அதில் ஃபோர்ஸ்ட்னர் பிட். கற்றையின் அளந்த விட்டத்தைவிட அரை முதல் ஒரு மில்லிமீட்டர் பெரிய பிட்டை எடுங்கள். 23.7 அளந்த கற்றைக்கு நான் 24.5 அல்லது 25 எடுப்பேன்.

இந்த இடைவெளியை வீண் என்று நினைக்காதீர்கள். மரம் ஈரத்தில் விரிந்து காய்ந்ததும் சுருங்கும். வளையங்களைச் சுற்றிய திசையில் நடக்கும் அசைவு, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் நடப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் வட்டக் குழி காலப்போக்கில் லேசாக நீள்வட்டமாகும். உள்ளே இருக்கும் பசை அடியோ கல் போன்றது, அசையாது. இடைவெளி இல்லாமல் இறுக்கிப் பொருத்தினால், சுருங்கும் மரம் அந்தக் கல்லின் மேல் இழுபட்டு விளிம்பில் வெடிக்கும். என் முதல் கைப்பிடியில் நடந்தது இதுவும் சேர்ந்துதான். உள்ளே ஊறியது ஒரு பக்கம், இறுக்கமான பொருத்தம் மறுபக்கம்.

வேகத்தை 500 சுற்றுக்கு இறக்குங்கள். வேண்டிய ஆழத்தை பிட்டின் மேல் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, டெயில்ஸ்டாக் சக்கரத்தை நிதானமாகத் திருப்புங்கள். ஒவ்வொரு 4 மில்லிமீட்டருக்கும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிடுங்கள். புகை வாடை வந்தால் பிட் மங்கியிருக்கிறது அல்லது நீங்கள் அவசரப்படுகிறீர்கள். பிட்டை வெளியே இழுக்கும்போது டிரில் சக் தன் கூம்பிலிருந்து கழன்று, கட்டையோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும் ஆபத்து உண்டு. இழுக்கும் முன் லேத்தை நிறுத்துவதுதான் நல்லது.

ஃபோர்ஸ்ட்னர் பிட்டின் நடு முனை, குழியின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியிருக்கும். அதையும் கணக்கில் எடுத்து, குழியின் உண்மையான அடி எங்கே முடிகிறது என்று கட்டையின் வெளிப்பக்கம் பென்சிலால் ஒரு வளையம் போடுங்கள். அடுத்த கட்டத்தில் அந்தக் கோடு உங்களைக் காப்பாற்றும். மரத்தின் உலர்வில் சந்தேகம் இருந்தால், குழி போட்ட கட்டையை ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் அளந்து பாருங்கள். உள்ளிறுக்கம் தளர்ந்து அசைவதாக இருந்தால் இப்போதே அசையட்டும்.

வடிவம்

காகிதத்தில் முழு அளவில் வரையாமல் நான் எதையும் கடைவதில்லை. உங்கள் முதல் கைப்பிடிக்கு இந்த அளவுகளை எடுத்துக்கொள்ளலாம்: உயரம் 58, விளிம்பின் வெளிவிட்டம் 33 அல்லது 34, இடுப்பு 22, அடி வயிறு 36, தரையில் நிற்கும் வட்டம் 32, எல்லாம் மில்லிமீட்டரில். 25 குழிக்கு 33 வெளிவிட்டம் என்றால் சுவர் 4 மில்லிமீட்டர். 3-க்குக் கீழே போகாதீர்கள்.

இடுப்பு எங்கே வரவேண்டும் என்பதைப் பென்சில் வளையம் சொல்லும். வளையத்துக்கு 5 மில்லிமீட்டராவது கீழேதான் இடுப்பின் மிக ஒடுங்கிய இடம் வரவேண்டும். அழகுக்காக அதை மேலே தூக்கினால் குழியின் அடி மூலையில் சுவர் காகிதமாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, கையில் பிடித்து அழுத்தும்போதுதான் தெரியும்.

டெயில்ஸ்டாக்கைக் கொண்டுவந்து, சுழலும் கூம்பு சென்டரைக் குழியின் வாயில் மெல்லப் பொருத்துங்கள். கூம்பு சிறியதாக இருந்தால் குழிக்குப் பொருந்தும் மர மூடி ஒன்றைக் கடைந்து, அதன்மேல் சென்டரை வையுங்கள். இறுக்கித் தள்ளவேண்டாம், கூம்பு ஆப்பு மாதிரி வேலை செய்து விளிம்பைப் பிளந்துவிடும். தொட்டுக்கொண்டு இருந்தாலே போதும்.

இப்போது வேகம் 1800 சுற்று. பார்ட்டிங் டூலால் விளிம்பு, இடுப்பு, வயிறு, அடி ஆகிய நான்கு இடங்களில் காலிப்பரால் விட்டம் அளந்து ஆழம் வெட்டிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து. பிறகு ஸ்பிண்டில் கவுஜால் அந்த நான்கு பள்ளங்களையும் இணையுங்கள். எப்போதும் பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்துக்கு இறங்கியே வெட்டவேண்டும். இடுப்பின் பள்ளத்தை இடப்பக்கத்திலிருந்து நடுவுக்கு, வலப்பக்கத்திலிருந்து நடுவுக்கு என்று இரண்டு பக்கமும் மாறிமாறி இறக்குங்கள். நடுவைத் தாண்டி மேலே ஏறினால் நார் கிளம்பி மேற்பரப்பு சொரசொரத்துப்போகும்.

வடிவம் ஏறக்குறைய வந்ததும் லேத்தை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, பிரஷ் பிடிப்பதுபோல் விரல்களை அதன்மேல் வையுங்கள். கண் சொல்வதை விரல் அடிக்கடி மறுக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தங்கும் இடத்தில் வளைவு திடீரென்று மாறினால் அது உறுத்தும். சோப்பு நுரை படிந்த விரல்களுக்கு வழுக்காத இடம் வேண்டும். மெல்லிய வரிகளும் கூர்மையான மடிப்புகளும் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் காய்ந்த சோப்பு அவற்றுக்குள் வெள்ளையாகப் படிந்துகொள்ளும். ஒரு நல்ல வளைவைக் கெடுக்காமல் விட்டுவிடுவதே என் விருப்பம்.

உப்புத்தாள்

டூல் ரெஸ்டைக் கழற்றிவிட்டு, வேகத்தை 700-க்கு இறக்கி, 150 எண் தாளில் தொடங்கி 180, 240, 320, 400, 600 என்று ஏறுங்கள். எதையும் தாண்டாதீர்கள். ஒவ்வொரு எண்ணிலும் கடைசியில் லேத்தை நிறுத்தி, ரேகையின் திசையில் கையால் சில இழுப்பு இழுத்து, சுற்றுக் கீறல்களை எடுத்துவிட்டு, தூளைத் துடைத்தபின்தான் அடுத்த தாள். 150-இல் எடுக்கவேண்டிய கீறலை 400-இல் எடுக்க முடியாது. எடுத்ததுபோல் தோன்றும், பூச்சு ஏறியதும் வெளியே வந்து நிற்கும். தாள் சூடானால் அழுத்தம் அதிகம். அந்தச் சூட்டிலேயே கருங்காலி போன்ற மரங்களில் நுண்ணிய வெடிப்பு விழும்.

திருப்பிப் போட்டு அடியை முடிப்பது

பார்ட்டிங் டூலால் அடிக்கு அப்பால் வெட்டி, 8 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது லேத்தை நிறுத்தி, கைரம்பத்தால் அறுத்தெடுங்கள். சக்கில் வேறொரு துண்டுக்கட்டையைப் போட்டு, குழிக்குள் இறுக்கமாக நுழையும் முளை ஒன்றைக் கடையுங்கள். கொஞ்சம் தளர்ந்துபோனால் ஒரு சுற்று காகித டேப் ஒட்டினால் சரியாகும். கைப்பிடியை அதில் தலைகீழாகச் செருகி, அடியைச் சென்டரால் தாங்கியபடி, நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கியிருக்கும்படி வெட்டுங்கள். அப்போதுதான் பிரஷ் ஓர வட்டத்தில் ஆடாமல் நிற்கும், அடியின் நடுவில் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்காது. கடைசியில் எஞ்சும் குமிழைச் சென்டரை விலக்கி, மிக மெல்லிய வெட்டுகளால் எடுத்து, உப்புத்தாள் போடுங்கள். இந்த முளையைத் தூக்கி எறியவேண்டாம், பூச்சு வேலை முழுவதும் இதன் மேல்தான்.

பூச்சு

மெழுகும், அரக்கு கலந்த மெருகும் லேத்தில் ஒரு நிமிடத்தில் பளபளக்கும், வெந்நீர் பட்டதும் சில வாரத்தில் வெளுக்கும். ஷேவிங் பிரஷ்ஷுக்கு அவை வேண்டாம். வெறும் எண்ணெயும் போதாது. நீரைத் தடுத்து நிறுத்தும் படலம் வேண்டும்.

முதன்முறை செய்பவருக்குத் துணியால் தடவும் பாலியூரித்தேன் நல்லது. மிக மெல்லியதாக ஆறு முதல் எட்டுப் பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே முழுதாகக் காயவிட்டு, 600 தாளால் லேசாக ஒரு தடவல். பத்து நாள் ஆகும், ஆனால் தவறு நேர வாய்ப்புக் குறைவு. ஒரு விதிவிலக்கு உண்டு. ஈட்டி, கோகோபோலோ போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரங்களில் உள்ள பொருள்கள் இந்த வகைப் பூச்சைக் காயவிடாமல் தடுக்கும். வாரக்கணக்கில் பிசுபிசுப்பாகவே நிற்கும். அவற்றுக்கு அசிட்டோனால் துடைத்துவிட்டு, சூப்பர் குளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் பசையையே பூச்சாகக் கொடுக்கவேண்டும்.

சயனோஅக்ரிலேட் பூச்சு வேகமானது, கண்ணாடி போன்றது, கொஞ்சம் முரட்டுப் பிடிவாதம் உள்ளது. மடித்த காகிதத் துண்டில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மெதுவாகச் சுற்றும் மரத்தில் ஒரே இழுப்பில் தடவி எடுத்துவிடுங்கள். திரும்பத் தொட்டால் காகிதம் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு மெல்லிய பூச்சு வேண்டும். பருத்தித் துணியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பருத்தியில் இந்தப் பசை வினைபுரிந்து சட்டென்று சூடாகி, விரலைச் சுட்டுவிடும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், அதன் ஆவி கண்ணைக் கரிக்கும். சீக்கிரம் இறுகவைக்கும் ஸ்பிரேயை அதிகம் அடித்தால் பூச்சுக்குள் வெள்ளைப் புகைபோல் குமிழி நிற்கும். கடைசியில் 1500-இலிருந்து 12000 வரை போகும் மெருகுத் துணிகளால் ஈரம் தொட்டுத் தேய்த்தால் முகம் தெரியும்.

ஆளி விதை எண்ணெய் சேர்ந்த எதைப் பயன்படுத்தினாலும், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது உண்டாகும் சூட்டிலேயே தானாகத் தீப்பற்றும். விரித்துப் போட்டு முழுதாகக் காயவைத்த பிறகே குப்பையில் போடவேண்டும்.

இனி, நான் முதல் கைப்பிடியில் செய்யாத வேலை. வெளிப்பூச்சு முடிந்ததும் கைப்பிடியை முளையிலிருந்து எடுத்து, மெதுவாக இறுகும் இருபாகப் பசையான எபாக்ஸியைக் கலந்து, சிறு தூரிகையால் குழியின் அடி, சுவர், விளிம்பின் உள்ஓரம் எல்லாவற்றிலும் மெல்லிதாகத் தடவுங்கள். அடியை விளக்கொளியில் பார்த்தபடியே தடவினால், வெட்டுமுகம் சில இடங்களில் எபாக்ஸியை உறிஞ்சி மங்கலாவது தெரியும். அந்த இடங்களில் மறுபடி தொடுங்கள். ஒரு நாள் கழித்து இரண்டாவது பூச்சு. கைப்பிடியின் அடிப்பக்கத்துக்கும் மற்ற இடங்களைவிட இரண்டு பூச்சு கூடுதலாகப் போகட்டும். எல்லாம் காய்ந்த பிறகு அடியைத் திருப்பி வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அரை மணி கழித்துத் துடைக்கும்போது மரம் அந்த இடத்தில் கறுத்திருந்தால் பூச்சு போதவில்லை.

கற்றையை ஒட்டுவது

முதலில் பசையில்லாமல் கற்றையை உட்கார வைத்துப் பாருங்கள். சுற்றித் திருப்பி, எந்த நிலையில் முடி நேராக நிற்கிறதோ அந்த இடத்தை ஒரு சிறு டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். கையால் கட்டப்பட்ட கற்றை ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சாய்வு இருக்கும். குழி ஆழமாகிப்போயிருந்தால் மெல்லிய வட்டத் துண்டு ஒன்றை அடியில் வைத்து உயர்த்தலாம்.

பசை அடியையும் குழிச் சுவரையும் 120 தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, முடியைக் காகிதத்தில் சுற்றி மூடிவிடுங்கள். முப்பது நிமிடமாவது இறுகாமல் இருக்கும் எபாக்ஸியைக் குழியின் அடியில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு விட்டு, கற்றையின் அடி ஓரத்திலும் கொஞ்சம் தடவி, மெல்லத் திருகியபடி இறக்குங்கள். நேராக அழுத்தினால் அடியில் சிக்கிய காற்று பிஸ்டன்போல் கற்றையை மேலே தள்ளும். நீங்கள் கையை எடுத்துவிட்டுப் போனபின் இரண்டு மில்லிமீட்டர் எழும்பி, அப்படியே இறுகிவிடும். அதனால் பத்து நிமிடம் பக்கத்திலேயே இருந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கி நேர் பாருங்கள். பசை முடிக்குள் ஏறினால் அதை எடுக்க வழியே கிடையாது, எனவே அளவோடு விடுங்கள். 24 மணி நேரம் தொடவேண்டாம்.

புழங்கும்போது

பன்றி, பேட்ஜர் முடிகளில் முதலில் ஒரு விலங்கு வாடை இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பால் மூன்று நான்கு முறை கழுவினால் குறையும். ஊறவைக்கும்போது முடி மட்டும் நீரில் இருக்கட்டும், மரத்தின் விளிம்பு வரை மூழ்கவேண்டாம். ஷேவ் முடிந்ததும் நன்றாக அலசி, உதறி, துண்டில் முடியைத் தட்டி ஈரம் எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நிற்கவைப்பதா தொங்கவிடுவதா என்று நீண்ட விவாதமே உண்டு. மூடிய பெட்டியில் வைக்காதவரை எதுவானாலும் காயும். வெயிலில் வைக்காதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளிம்பையும் அடியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பூச்சு மங்கிய இடம் தெரிந்தால் 600 தாளால் தேய்த்து இரண்டு மெல்லிய பூச்சு கொடுத்தால் போதும். முடி தேய்ந்துபோனால் கைப்பிடியை எறியவேண்டாம். முடியை விளிம்போடு வெட்டிவிட்டு, கைப்பிடியைச் சக் தாடைகளில் துணி சுற்றி மெல்லப் பிடித்து, பழைய குழியைவிட ஒரு மில்லிமீட்டர் சிறிய ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் பசை அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தெடுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் மீதியைச் சுரண்டி எடுத்து, குழிக்கு மறுபடி இரண்டு பூச்சு எபாக்ஸி கொடுத்து, புதுக் கற்றையை உட்கார வையுங்கள்.